டைரக்டரி 'சரி' என்று சொன்னால் ஆளை உள்ளே விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சுமார் 400 பேர் பயன்படுத்தும் உள் செயலி ஒன்றை நான் பராமரிக்கிறேன். பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் இதுவரை செயலியின் தரவுத்தளத்திலேயே இருந்தன. அலுவலகக் கணினியைத் திறக்கும் அதே கடவுச்சொல்லாலேயே இதிலும் நுழைய வேண்டும் என்று நிர்வாகம் இப்போது சொல்லிவிட்டது. எங்களிடம் இருப்பது ஆக்டிவ் டைரக்டரி, அதாவது ஊழியர்களின் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் சேவை. பயனர் தட்டிய பெயரைக் கொண்டு டிஎன் என்ற டைரக்டரி முகவரியை நானே கோத்து, டைரக்டரியுடன் பேசும் எல்டாப் நெறிமுறை வழியாக, அவர் பெயரிலேயே இணைந்து (பைண்ட் செய்து) பார்த்தேன். என் கணக்குக்கு வேலை செய்கிறது. வேறு சிலருக்கு, கடவுச்சொல் சரியாக இருந்தும், 'அடையாளச் சான்றுகள் செல்லாது' என்ற பிழை எண் 49 வருகிறது. எல்டாப்பின் பாதுகாப்பான இணைப்புக்கான 636 போர்ட்டில் சான்றிதழ் பிழை வந்ததால் சான்றிதழ் சரிபார்ப்பைத் தற்காலிகமாக அணைத்து வைத்திருக்கிறேன். பழைய பயனர்களை டைரக்டரிக் கணக்குகளோடு எப்படிப் பொருத்துவது? டைரக்டரிக் குழுக்களைக் கொண்டே உரிமைகளை வழங்கலாமா? டைரக்டரி சர்வர் விழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றை இன்றே சோதித்துப் பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் லாகின் பக்கத்தில், உண்மையிலேயே இருக்கும் ஒருவரின் பயனர் பெயரைத் தட்டுங்கள். கடவுச்சொல் கட்டத்தை வெறுமையாக விட்டுப் பொத்தானை அழுத்துங்கள். 'கடவுச்சொல்லை நிரப்பவும்' என்று பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் தடுத்தால் அதோடு திருப்தி அடைந்துவிடாமல், அதே கோரிக்கையை உலாவியின் துணையின்றி நேரடியாகச் சர்வருக்கு அனுப்பியும் பாருங்கள். செயலி கதவைத் திறந்துவிட்டால், மற்ற எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

இது ஏன் நடக்கிறது என்றால், எல்டாப் நெறிமுறையில் சிம்பிள் பைண்ட் என்ற ஒரே கோரிக்கைக்கு மூன்று பொருள்கள் உண்டு. பெயரும் கடவுச்சொல்லும் வெறுமையாக வந்தால், அது பெயரில்லாதவரின் இணைப்பு. இரண்டும் நிரம்பி வந்தால், அது நாம் நினைக்கும் கடவுச்சொல் சோதனை. பெயர் மட்டும் நிரம்பி, கடவுச்சொல் வெறுமையாக வந்தாலோ, அது சோதிக்கப்படாத பைண்ட் என்ற தனி வகை. சர்வர் அதை ஏற்றுக்கொண்டால் 'வெற்றி' என்ற 0 எண்ணைத் திருப்பி அனுப்பும், ஆனால் அந்த இணைப்பைப் பெயரில்லாதவருடையதாகவே நடத்தும். சர்வர்கள் இயல்பாகவே இதை மறுக்க வேண்டும் என்றும், கடவுச்சொல்லைப் பயனரிடமிருந்து வாங்கும் மென்பொருள் வெறுமையான கடவுச்சொல்லை அனுப்பவே கூடாது என்றும் 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4513 என்ற இணையத் தர ஆவணம் அறிவுறுத்துகிறது. ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பான அமைப்போ இதை ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் சர்வர் 2019 முதல் இதை மறுக்கச் செய்யும் அமைப்பு ஒன்று வந்திருக்கிறது என்றாலும், உங்கள் நிர்வாகி அதை இயக்கியிருப்பார் என்ற நம்பிக்கையில் உங்கள் நிரல் நிற்கக்கூடாது. கடவுச்சொல்லின் நீளம் பூஜ்ஜியமா என்று பைண்ட் அழைப்புக்கு நேர் முந்தைய வரியில், சர்வர் பக்கத்திலேயே சோதியுங்கள். அந்த இடம் முக்கியம். முதலில் நீளத்தைச் சோதித்துவிட்டு, பிறகு முன்பின் இடைவெளிகளை நீக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரேயொரு இடைவெளியைத் தட்டுபவர் சோதனையைத் தாண்டிவிடுகிறார், அதன்பின் அது வெறுமையாகிவிடுகிறது. கடவுச்சொல்லில் உள்ள இடைவெளியும் கடவுச்சொல்லின் பகுதிதான். அதை நீக்கவே வேண்டாம்.

இந்த ஓட்டையைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்டாப் லாகினுக்காகப் பிறந்த நெறிமுறை அல்ல. எக்ஸ்.500 என்ற கனமான டைரக்டரி முறையை எளிய கணினிகளிலிருந்தும் அணுகுவதற்காக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 1990-களின் தொடக்கத்தில் உருவான இலகுவான வழி அது. இந்த இணைப்பில் இனி வரும் கோரிக்கைகளை யாருடைய பெயரில் நடத்த வேண்டும் என்று சர்வரிடம் தெரிவிப்பதுதான் பைண்ட். அதற்காகச் சர்வர் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது என்பதை நாம் நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம். ஆகவே 'வெற்றி' என்ற பதில், இந்த ஆள் உங்கள் செயலிக்குள் வரலாம் என்று சொல்வதில்லை. இவர் இன்றும் பணியில் இருக்கிறாரா, எந்தப் பிரிவில் இருக்கிறார், எதைப் பார்க்க அனுமதி உண்டு என்பதெல்லாம் அந்தப் பதிலில் இல்லை. அவற்றைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் நிரலுடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் தானாகவே தெளிவாகும்.

முதலில் பிழை எண் 49. ஒரு பதிவு டைரக்டரி மரத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் முழு முகவரிதான் டிஎன். அதை நீங்களே கோக்கும்போது, எல்லோரும் ஒரே கிளையில் இருக்கிறார்கள் என்றும், அந்த முகவரியின் முதல் துண்டு லாகின் பெயர்தான் என்றும் அனுமானித்துக்கொள்கிறீர்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த முதல் துண்டு பெரும்பாலும் ஒருவரின் முழுப்பெயராக இருக்கும். லாகின் பெயர் சாம்-அக்கவுண்ட்-நேம் என்ற தனிப் பண்பில் இருக்கும். கணக்குப் பிரிவினர் ஒரு கிளையிலும் விற்பனைப் பிரிவினர் இன்னொரு கிளையிலும் இருப்பார்கள். முழுப்பெயரில் காற்புள்ளி இருந்தால், அது பிரிப்பானாகக் கொள்ளப்படாதபடி அதைத் தப்புக்குறியிட்டு எழுதாதவரை முகவரியே உடைந்துபோகும். உங்கள் கணக்கு மட்டும் வேலை செய்தது, அது தற்செயலாக உங்கள் அனுமானத்துக்குப் பொருந்தும் இடத்தில் இருந்ததால்தான்.

டிஎன்னைக் கோப்பதை விட்டுவிட்டுத் தேடிக் கண்டுபிடியுங்கள். டைரக்டரியைப் படிக்க மட்டும் உரிமையுள்ள, செயலிக்கென ஒதுக்கிய ஒரு சர்வீஸ் கணக்கால் முதலில் பைண்ட் செய்யுங்கள். பயனர் தட்டிய லாகின் பெயரை ஃபில்டரில், அதாவது தேடல் நிபந்தனையில், வைத்துத் தேடுங்கள். சரியாக ஒரே ஒரு பதிவு கிடைத்தால் மட்டும் அதன் டிஎன்னை எடுத்துக்கொண்டு, பயனர் கொடுத்த கடவுச்சொல்லால் வேறோர் இணைப்பில் பைண்ட் செய்யுங்கள். எதுவும் கிடைக்காவிட்டாலும், இரண்டு கிடைத்தாலும், லாகின் தோல்விதான். இரண்டில் முதலாவதை எடுத்துக்கொள்ளும் நிரலை ஒருபோதும் எழுதாதீர்கள்.

'வேறோர் இணைப்பில்' என்று சொன்னதைக் கவனிக்காமல் விட்டுவிட வேண்டாம். வேகத்துக்காகச் சர்வீஸ் கணக்கின் இணைப்புகளைத் தொகுப்பாக வைத்திருக்கும் நிரலகங்கள் (லைப்ரரிகள்) பல. அந்தத் தொகுப்பில் இருக்கும் ஓர் இணைப்பிலேயே பயனரின் பெயரில் பைண்ட் செய்துவிட்டால், அந்த இணைப்பு அதன்பின் அந்தப் பயனருடையதாகிவிடும். அது தொகுப்புக்குத் திரும்பிச் சென்று, அடுத்தவரின் லாகினுக்கான தேடலை முந்தையவரின் உரிமையில் நடத்தும். நாளில் சில முறை மட்டும், அதுவும் கூட்டமான காலை வேளையில் மட்டும், காரணமே தெரியாமல் 'பயனர் இல்லை' என்று வரும் புகார்களின் பின்னால் பல சமயங்களில் இதுதான் இருக்கும்.

தேடல் என்று வந்துவிட்டால், பயனர் தட்டும் எழுத்துகள் அப்படியே ஃபில்டருக்குள் போகக்கூடாது. லாகின் பெயருக்குரிய இடத்தில் ஒருவர் ஒரு நட்சத்திரக்குறியை மட்டும் தட்டினால், ஃபில்டர் 'லாகின் பெயர் உள்ள எவரும்' என்று பொருள்படும். அடைப்புக்குறிகளைத் தெரிந்து பயன்படுத்துபவர் உங்கள் நிபந்தனைகளையே மாற்றி எழுதிவிடலாம். நட்சத்திரக்குறியை 2ஏ என்றும், இடது அடைப்பை 28 என்றும், வலது அடைப்பை 29 என்றும், பின்சாய்கோட்டை 5சி என்றும், பூஜ்ஜிய எழுத்தை 00 என்றும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு இட்டு மாற்ற வேண்டும் என்பது ஆர்எஃப்சி 4515 சொல்லும் விதி. இதை நீங்களே எழுத வேண்டாம். எல்லா நல்ல நிரலகங்களிலும் இதற்கான செயற்கூறு உண்டு. ஆனால் டிஎன்னுக்கான தப்புக்குறி விதிகள் வேறு, ஃபில்டருக்கானவை வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் இருக்கும், ஒன்றை மற்றதன் இடத்தில் பயன்படுத்திவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் யாருக்காவது 49 வந்தால், அந்த எண்ணோடு நின்றுவிடாமல் அதனுடன் வரும் பிழைச் செய்தியை முழுவதும் வாசியுங்கள். ஆக்டிவ் டைரக்டரி அந்த நீண்ட வரியின் நடுவில் 'டேட்டா' என்ற சொல்லை அடுத்து ஒரு துணை எண்ணை வைத்திருக்கும். 52இ என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 532 என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. 533 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 701 என்றால் கணக்கே காலாவதியாகிவிட்டது. 773 என்றால் அடுத்த லாகினில் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். 775 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. 'கடவுச்சொல் சரிதான்' என்று உங்களிடம் சொன்னவர்களில் ஒருவராவது 773-இல் நிற்கக்கூடும். அவர் சொல்வது உண்மையே. இந்தத் துணை எண்ணைப் பதிவுக் கோப்பில் எழுதி வையுங்கள். ஆனால் லாகின் பக்கத்தில் எல்லாத் தோல்விக்கும் ஒரே வாசகத்தையே காட்டுங்கள். கடவுச்சொல் காலாவதியானவர்களுக்கு மட்டும் அதை மாற்றும் இடத்துக்கு வழிகாட்டலாம்.

பூட்டப்படுவது பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் லாகின் பக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு தவறான முயற்சியும் டைரக்டரியின் கணக்கில் சேரும். ஐந்து தவறுக்குப் பூட்டு என்று உங்கள் நிறுவனத்தில் விதி இருந்தால், உங்கள் செயலியில் விளையாட்டாக ஐந்து முறை ஒருவர் பெயரைத் தட்டியவரால், அந்த ஊழியரின் கணினியும் மின்னஞ்சலும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஆகவே டைரக்டரியின் வரம்பைவிடக் குறைவான வரம்பை உங்கள் செயலியில் வைத்து, அதைத் தாண்டியதும் டைரக்டரியிடம் கேட்பதையே சிறிது நேரம் நிறுத்துங்கள். இன்னொன்று: முதல் சர்வர் பிழை சொன்னால் இரண்டாவது சர்வரிடம் கேட்கும்படி பலர் எழுதுகிறார்கள். இணைப்பே கிடைக்காதபோது அப்படிக் கேட்பது சரி. 49 வந்தபின்னும் கேட்டால், பயனரின் ஒரே தவறு இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணப்படும்.

சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். சிம்பிள் பைண்டில் கடவுச்சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போகிறது; அதைக் காப்பாற்றுவது அதைச் சுற்றியிருக்கும் டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்க உறை மட்டுமே. சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டால் உறை இருக்கும், ஆனால் அந்த உறையை யாருக்கு அனுப்புகிறோம் என்பது தெரியாது. வலையமைப்பின் நடுவில் நின்று, தானே தயாரித்த சான்றிதழைக் காட்டும் எந்தக் கணினிக்கும் உங்கள் செயலி நானூறு பேரின் கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடும். அவை உங்கள் செயலிக்கான கடவுச்சொற்கள் மட்டும் என்றால்கூட மோசம்தான். இவையோ அவர்களுடைய கணினிக்கும் மின்னஞ்சலுக்கும் உரியவை. 'தற்காலிகமாக' என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்புகிறேன். ஆயினும் இந்தக் குறிப்பிட்ட அமைப்பு, ஒருமுறை வேலை செய்யத் தொடங்கிய பின் யாரும் திரும்பிப் பார்க்காததாகவே ஆகிவிடுகிறது. நேரடிப் பயன்பாட்டுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

பிழைக்கான காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். நிறுவனங்கள் தங்கள் டைரக்டரி சர்வர்களுக்கான சான்றிதழைத் தங்கள் சொந்தச் சான்றிதழ் ஆணையத்தில் உருவாக்கிக்கொள்வது வழக்கம். அந்த ஆணையத்தின் மூலச் சான்றிதழ் உங்கள் செயலியின் நம்பிக்கைப் பட்டியலில் இருக்காது. கணினியில் சேர்த்துவிட்டோமே என்று நினைக்க வேண்டாம்: ஜாவா தனக்கென ஒரு பட்டியலை வைத்திருக்கிறது, கன்டெய்னர் என்ற தனித்துப் பிரித்த சூழலுக்குள் ஓடும் செயலி அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கும் பட்டியலை மட்டுமே பார்க்கும். இரண்டாவது காரணம் பெயர். சான்றிதழில் சர்வரின் முழுப்பெயர் இருக்க, நீங்கள் ஐபி எண்ணையோ சுருக்கப் பெயரையோ கொடுத்து இணைத்தால், பெயர் பொருந்தாது. சரிபார்ப்பு தோற்பதே முறை. ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 636 போர்ட்டுக்கு இணைத்துச் சர்வர் காட்டும் சான்றிதழை ஒருமுறை கண்ணால் பார்த்தால், இரண்டில் எது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உறையில்லாத 389 போர்ட்டில் தொடங்கி ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளையால் உறையிடும் முறையும் நல்லதே. ஆனால் உறையிடுதல் தோற்றால் இணைப்பை முறித்துவிட வேண்டும். உறையில்லாமலே தொடரும்படி எந்த நிரலகத்தையும் விட்டுவைக்கக்கூடாது.

பழைய பயனர்களைப் பொருத்துவது பற்றிய உங்கள் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். தொழில்நுட்பமாக அது எளிது. தவறினால் விளையும் சேதமோ பெரிது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இதே வேலையை நான் செய்தபோது, லாகின் பெயரையே இரு பக்கங்களுக்கும் பொதுவான சாவியாக வைத்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. அதற்குள் ஓர் ஊழியர் வேலையை விட்டுச் சென்றார். அவருடைய டைரக்டரிக் கணக்கு நீக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறொருவர் பணியில் சேர, காலியாக இருந்த லாகின் பெயர் அவருக்குக் கொடுக்கப்பட்டது. புதியவர் முதல் நாள் செயலியைத் திறந்தபோது, முன்னவர் கொடுத்திருந்த மருத்துவ விடுப்பு விண்ணப்பங்களும் அவற்றுடன் இணைத்திருந்த மருத்துவச் சீட்டுகளும் அவர் முன்னால் வந்து நின்றன. அவர் நேர்மையானவர், உடனே வந்து சொன்னார். எந்தப் பிழைச் செய்தியும் எங்கும் பதிவாகவில்லை. டைரக்டரியும் செயலியும் தாம் கேட்கப்பட்டதைச் சரியாகவே செய்திருந்தன. சாவியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான்.

லாகின் பெயர் மாறும், மறுபடியும் பயன்படுத்தப்படும். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொள்பவருக்கு மின்னஞ்சல் முகவரி மாறும். பிரிவு மாறினால் டிஎன் மாறும். ஆக்டிவ் டைரக்டரியில், ஒரு கணக்கு உருவாகும்போது பிறந்து அது இருக்கும்வரை மாறாமலும், நீக்கப்பட்ட பின் வேறெவருக்கும் போகாமலும் இருப்பது ஆப்ஜெக்ட்-ஜியுஐடி என்ற பண்பு. ஓப்பன்எல்டாப் போன்ற வேறு டைரக்டரி சர்வர்களில் அதற்கு இணையானது என்ட்ரி-யுயுஐடி. உங்கள் பயனர் அட்டவணையில் இதற்கென ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஒவ்வொரு லாகினிலும் இதைக்கொண்டே ஆளை அடையாளம் காணுங்கள்; பெயரையும் மின்னஞ்சலையும் அந்த நேரத்தில் டைரக்டரியில் உள்ளபடி புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பு: ஆப்ஜெக்ட்-ஜியுஐடி 16 பைட் இருமத் தரவாக வருகிறது, அதன் முதல் மூன்று பகுதிகளின் பைட் வரிசை தலைகீழாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பைட்டுகளை வந்த வரிசையிலேயே எழுதினால் கிடைக்கும் எண், நிர்வாகியின் திரையில் தெரியும் எண்ணோடு ஒத்துப்போகாது. எந்த வடிவத்தில் சேமிப்பது என்று ஒருமுறை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடியுங்கள்.

ஏற்கனவே இருக்கும் 400 பேரை முதன்முறையாகப் பொருத்தும்போது மட்டும் ஏதேனும் ஒரு பெயரையோ எண்ணையோ நம்பித்தான் ஆக வேண்டும். இரு பக்கமும் ஊழியர் எண் நிரப்பப்பட்டிருந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில் மின்னஞ்சலைப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் செயலியில் பயனர்கள் தங்கள் மின்னஞ்சலைத் தாங்களே மாற்ற முடியும் என்றால், முதல் லாகினில் தானாகப் பொருத்தும் வழியை வைக்காதீர்கள், ஏனெனில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் வந்து அமர அதுவே கதவாகிவிடும். 400 என்பது கையால் சரிபார்க்கக்கூடிய எண்ணிக்கை. ஒரு பட்டியலைத் தயாரித்து, பொருந்தியவற்றை மனிதவளப் பிரிவினரிடம் காட்டி ஒப்புதல் பெற்று, பொருந்தாமல் மிஞ்சும் பத்து இருபது பேரைத் தனித்தனியாகத் தீருங்கள். இரண்டு நாள் வேலை. மாற்றம் நிலைபெற்றதும் பழைய கடவுச்சொற்களின் ஹேஷ்களை (மாற்றிச் சேமித்த வடிவங்களை) அட்டவணையிலிருந்து அழித்துவிடுங்கள். 'டைரக்டரி மறுத்தால் பழைய அட்டவணையில் பார்' என்ற வழி ஒன்றைப் பாதுகாப்புக்காக விட்டுவைக்க ஆசை வரும். அப்படி விட்டால், டைரக்டரியில் முடக்கப்பட்டவர் தன் பழைய கடவுச்சொல்லால் உள்ளே வந்துகொண்டே இருப்பார்.

குழுக்களைக் கொண்டு உரிமை வழங்கலாம், வழங்கவும் வேண்டும். ஒருவரின் பதிவில் உள்ள மெம்பர்-ஆஃப் பண்பு, அவர் நேரடியாகச் சேர்ந்திருக்கும் குழுக்களை மட்டுமே காட்டும்; குழுவுக்குள் குழுவாக அடங்கியிருப்பவை அதில் வராது, அவருடைய முதன்மைக் குழுவும் வராது. உள்ளடங்கிய குழுக்களையும் கணக்கில் எடுக்க ஆக்டிவ் டைரக்டரியில் 1.2.840.113556.1.4.1941 என்ற எண்ணால் குறிக்கப்படும் தனிப் பொருத்த விதி உண்டு. அது சர்வருக்குச் சற்றுக் கனமான வேலை என்பதால், முழு டைரக்டரியையும் அந்த விதியால் அலசாமல், குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட குழுவில் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். நிறுவனத்தில் ஏற்கனவே இருக்கும் பிரிவுவாரிக் குழுக்களைப் பயன்படுத்துவதைவிட, உங்கள் செயலிக்கென்று மூன்று நான்கு குழுக்களை உருவாக்கித் தரச் சொல்வதே நல்லது என்பது என் கருத்து. வேறொரு தேவைக்காகப் பிறந்த குழுவில் நாளை யாரை, எதற்காகச் சேர்ப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

குழுவைப் பார்ப்பது லாகின் நேரத்தில் மட்டும் என்றால் ஒரு குறை மிஞ்சும். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தவரின் கணக்கை டைரக்டரியில் பதினொரு மணிக்கு முடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியின் அமர்வு அவருக்கு மாலைவரை திறந்தே இருக்கும், 'என்னை நினைவில் வை' என்ற வசதி இருந்தால் ஒரு மாதம்கூட. சர்வீஸ் கணக்கால் குறிப்பிட்ட இடைவெளியில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலும் போதும், திறந்திருக்கும் அமர்வுகளுக்கு உரியவர்களின் கணக்குகளை மறுபடி பாருங்கள். யூசர்-அக்கவுண்ட்-கன்ட்ரோல் பண்பில் 2 என்ற மதிப்புள்ள பிட் இயங்கியிருந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, பதிவே இல்லை என்றால் ஆள் நீக்கப்பட்டிருக்கிறார், அமர்வை மூடிவிடுங்கள். பிற நிரல்கள் உள்ளே வருவதற்காகச் செயலி வழங்கியிருக்கும் ஏபிஐ டோக்கன்களுக்கும் இதுவே பொருந்தும்.

சர்வீஸ் கணக்கு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. உங்கள் சொந்தக் கணக்கையோ டொமைன் நிர்வாகியின் கணக்கையோ அந்த இடத்தில் வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். படிக்கும் உரிமை மட்டும் போதும். அதன் கடவுச்சொல் நிரல் களஞ்சியத்துக்குள் இருக்கக்கூடாது. சரிபார்ப்பு அணைந்திருந்த நாட்களில் அந்தக் கடவுச்சொல்லும் அதே வழியில்தான் போய்வந்தது என்பதால், சான்றிதழைச் சரிசெய்த கையோடு அதையும் புதுப்பியுங்கள்.

இன்னும் ஒன்றை உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தில் சாம்ல் அல்லது ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற நெறிமுறை வழியாக இயங்கும் ஒற்றை உள்நுழைவுச் சேவை ஏற்கனவே இருக்கிறதா? இருந்தால் உங்கள் செயலி கடவுச்சொல்லைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. பயனர் அந்தச் சேவையின் பக்கத்தில் நுழைந்துவிட்டு, கையொப்பமிட்ட சான்றோடு உங்களிடம் வருவார், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அங்கேயே நடந்துவிடும். எல்டாப் பைண்டில் அந்த இரண்டாம் கட்டம் பொதுவாக இடம்பெறுவதில்லை. அப்படியொரு சேவை இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். மேலே சொன்னவற்றில் பைண்ட் பற்றிய பகுதி அப்போது தேவைப்படாது. மாறாத அடையாளம், குழு, அமர்வு பற்றியவை எல்லாம் அப்போதும் தேவைப்படும்.

கடைசியாக, டைரக்டரி விழுந்துவிட்டால். குறைந்தது இரண்டு சர்வர்களின் பெயர்களை அமைப்பில் கொடுங்கள். இணைப்புக்கும் தேடலுக்கும் காலவரம்பைக் கட்டாயம் வையுங்கள், சில நொடிகள் போதும். பல நிரலகங்கள் நீங்கள் சொல்லாவிட்டால் முடிவின்றிக் காத்திருக்கும், அப்போது விழுந்தது டைரக்டரியாக இருந்தாலும் முடங்குவது உங்கள் செயலி முழுவதுமாக இருக்கும். ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் சிறிது நேரம் தொடரட்டும். மறுபரிசோதனையில் 'பதில் வரவில்லை' என்பதும் 'ஆள் இல்லை' என்பதும் வேறு வேறு என்று நிரல் பிரித்தறிய வேண்டும், இல்லையென்றால் சர்வர் ஒரு நிமிடம் தடுமாறினாலும் நானூறு பேரும் வெளியே தள்ளப்படுவார்கள். கடவுச்சொற்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு சமாளிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

நிர்வாகத்துக்கென இரண்டே இரண்டு உள்ளூர்க் கணக்குகளைத் தனி வாசலில் வைத்திருங்கள். நீண்ட கடவுச்சொற்களைக் காகித உறையில் இட்டுப் பூட்டி வையுங்கள். அவற்றில் எது பயன்படுத்தப்பட்டாலும் அந்த நொடியே உங்களுக்கும் உங்கள் மேலாளருக்கும் அறிவிப்பு வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சோதனைச் சூழலில் டைரக்டரிக்கான இணைப்பைத் துண்டித்துவிட்டு, உறையைப் பிரித்து, உங்கள் உதவியின்றி வேறொருவர் அந்த வாசல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறையில் இட்டு மறுபடி பூட்டிவிடுங்கள்.